வழக்குரைத்த பின்னரே குளிர்த்தி
மட்டக்களப்பு வாவிக்கரையின் நினைவுச் சின்னங்கள் குறித்து

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள கண்ணகி அம்மன் ஆலயங்களிற் கதவு திறக்கப்பட்டுச் சடங்கு தொடங்குகின்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்தளித்த கண்ணகி வழக்குரை காவியம் சடங்கு நாள்களிற் பாடப்படுகின்றது. கோவலன் கொலையுண்டதும், கண்ணகி பாண்டியன் அவையேறி வழக்குரைத்ததும், மதுரை எரியுண்டதும் ஊரவர் அனைவரும் கேட்கப் பாடி முடிந்த பின்னரே, இறுதியில், அம்மனின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடப்படுகின்றது. இந்த ஒழுங்கை எவரும் மாற்றுவதில்லை. கொலை நடந்ததென்பதை மறைத்துவிட்டோ, கொல்லக் கட்டளையிட்டவனின் பெயரைச் சொல்லக் கூசியோ, நேரே குளிர்த்தியைப் பாடி முடித்துவிடும் துணிவு எந்தக் கட்டாடியாருக்கும் வந்ததில்லை.

கிராமத்து மக்கள் பல தலைமுறைகளாகக் கட்டிக்காத்துவரும் இவ்வொழுங்கைக் கற்றோர் குழாம் தலைகீழாக்கிவிட்டது என்பதே இன்றைய அவலம். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அன்றுதொட்டு நல்லிணக்கம், சகவாழ்வு, காயமாற்றல் என்னும் சொற்கள் மேடைகளிலும் கருத்தரங்குகளிலும் ஓயாது ஒலிக்கின்றன. எல்லோரும் குளிர்த்தி பாட விரைகின்றனர். வழக்கை உரைப்பதற்குத்தான் ஆளில்லை. யார் இறந்தனர், எங்கே, எந்த நாளில், எவர் கையால் என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒருங்கே விடை பொறித்த கல் வாவிக்கரையில் அரிதாகவே காணப்படுகின்றது. விடை பொறிக்கப்பட்ட இடங்களிலும், தன் இனத்தார் கொல்லப்பட்டமை மாத்திரமே பொறிக்கப்பட்டுள்ளது. தன் இனத்தின் பெயரால் பிறர் கொல்லப்பட்டமை பொறிக்கப்படவில்லை. இத்தகைய அரைகுறை நினைவு எந்தப் புண்ணையும் ஆற்றாது என்பதை அஞ்சாது எடுத்துரைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இரு கரைகளின் கணக்கு

ஞாயிறு எழும் திசையிலுள்ள எழுவான்கரையையும், அது சாயும் திசையிலுள்ள படுவான்கரையையும் வாவி பிரித்து வைத்திருக்கின்றது. சாவு அத்தகைய வேறுபாடு எதனையும் பாராட்டவில்லை.

1987 ஜனவரி 28 ஆந் திகதி, படுவான்கரையின் மகிழடித்தீவு இறால் பண்ணையிலும் அதன் சுற்றாடலிலும் விசேட அதிரடிப்படையினரின் நடவடிக்கையின்போது எண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் எனக் கணக்கிடப்படுகின்றது. 1990 ஆகஸ்ட் 3 ஆந் திகதி இரவு, எழுவான்கரையின் காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 11 ஆந் திகதி இரவு ஏறாவூரின் முஸ்லிம் குடியிருப்புகளிற் புகுந்தோர் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராது நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். மறுநாள் வீரமுனையில் பிள்ளையார் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொலையுண்டனர். 1990 செப்டெம்பர் 5 ஆந் திகதி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள்கள் கழிந்து, செப்டெம்பர் 9 ஆந் திகதி, சத்துருக்கொண்டான், கொக்குவில், பிள்ளையாரடி, பனிச்சையடி ஆகிய அயற்கிராமங்களிலிருந்து திரட்டிச் செல்லப்பட்ட 184 பேர் இராணுவ முகாமிற் கொல்லப்பட்டனர். அவர்களுட் கைக்குழந்தைகளும் இருந்தனர். 1991 யூன் 12 ஆந் திகதி, மணற்பிட்டிச் சந்திக்கருகிற் கண்ணிவெடியில் இரு படையினர் இறந்ததைத் தொடர்ந்து, கொக்கட்டிச்சோலைப் பகுதியின் மகிழடித்தீவு, முதலைக்குடா ஆகிய ஊர்களின் மக்கள்மீது படையினர் பழிதீர்த்தனர்.

2004 ஏப்பிரலிலே வெருகலாற்றங்கரையில், வன்னியிலிருந்து வந்த புலிகளும் அவர்களிலிருந்து பிரிந்த கிழக்கின் போராளிகளும் மோதினர். ஒரே சீருடை அணிந்திருந்த இளைஞர் ஒருவர் கையால் மற்றவர் மாண்டனர். 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தனர். அவர்களுட் பலர் ஞாயிறுப் பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள்.

இக்கணக்கு முழுமையானதன்று. எனினும் இதனை ஒருமுறை ஒரே மூச்சில் வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். இங்கு கொன்றோர் ஒரு தரப்பினரல்லர், கொல்லப்பட்டோரும் ஓரினத்தவரல்லர். ஆயின், இக்கணக்கை ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய பொது இடம் ஒன்று வாவிக்கரையில் எங்கேனும் உண்டா? சத்துருக்கொண்டானிலே தூபி உண்டு. அங்கே தமிழர் விளக்கேற்றுகின்றனர். காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரிலே சன்னம் துளைத்த தடங்கள் காக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 3 ஆந் திகதி முஸ்லிம்கள் அங்கே கூடி ஷுஹதாக்களை நினைவுகூர்கின்றனர். ஒவ்வோர் ஊரும் தன் பிணங்களைத் தானே எண்ணிக்கொண்டிருக்கின்றது. சில மைல் தூரத்திலுள்ள அயலூரின் எண்ணிக்கை இவ்வூரின் காதில் விழுவதில்லை.

மறதி மருந்தாகுமா?

"ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள்" என்பது இவ்விடயத்தில் முதலாவதாக எழும் அறிவுரை. அதனைச் சொல்வோர் பெரும்பாலும் புண் படாதவர்களே. புண் ஆறிவிட்டதா என்பதைப் புண்பட்டவரிடம் அன்றோ கேட்டறிதல் வேண்டும்?

ஈழத்து உளமருத்துவ அறிஞர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரின் உளத்தாக்கத்தைத் தனிமனிதரின் நோயாக மாத்திரம் நோக்காது, குடும்பத்தையும் சமூகத்தையும் அழுத்தும் கூட்டு வடுவாகவும் நோக்கவேண்டுமென வலியுறுத்தி வந்துள்ளார். கூட்டாக நேர்ந்த வடுவுக்கு மருந்தும் கூட்டாகவே தேடப்படவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். வைத்தியசாலையின் தனியறையில் ஒரு தாய்க்கு உறக்க மாத்திரை வழங்கலாம். அவளுடைய மகன் கொண்டுசெல்லப்பட்டான் என்பதை ஊரறிய ஏற்றுக்கொள்ளும் பொறுப்பை அம்மாத்திரை நிறைவேற்றாது.

காணாமற்போனோரின் குடும்பங்களது நிலை இன்னும் கொடியது. உடல் கிடைத்தாற் கொள்ளி வைக்கலாம், எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாளும் செய்யலாம், அழுது ஓயலாம். உடல் கிடையாதவிடத்து, மனைவி பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று அறியாள். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பிலே போர்க்காலத்தில் மேற்கொண்ட ஆய்வில், அம்மன் கோவில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம் தாய்மார் சென்று, பிடித்துச் செல்லப்பட்ட மகன் உயிரோடிருக்கின்றானா என வினவிய நிலையை விரிவாகப் பதிவு செய்தார். பொலிஸ் நிலையமும் படைமுகாமும் நீதிமன்றமும் சொல்ல மறுத்ததைத் தெய்வத்திடம் கேட்கவேண்டிய நிலை அன்று நிலவியது. மறக்கச் சொல்லும் அறிஞர்கள் அத்தாய்மாருக்கு எதனை மறக்கச் சொல்கின்றனர்? நடந்தது இன்னதென்று அறிவிக்கப்பட்ட ஒன்றை மறக்க முயலலாம். அறிவிக்கப்படாத ஒன்றை எவ்வாறு மறப்பது?

ஒரு கல்லை நட்டுவிட்டாற் காயம் ஆறிவிடும் என்று கூறுவதும் பேதைமையே. கல் மருந்தன்று. அழுவதற்கு ஓர் இடத்தையும், நடந்தது உண்மையே என்பதற்கு ஒரு சாட்சியையும் அது தருகின்றது. வீட்டுச் சுவரில் மாலையிட்டுத் தொங்கும் புகைப்படத்தின் முன் அழுபவள் தன் துயரோடு தனித்திருக்கின்றாள். நாற்சந்தியிலே பெயர் பொறித்த கல்லின் முன் அழுபவளை ஊர் காண்கின்றது. ஊர் கண்ட பின்னர் அத்துயரை இல்லையென்று சாதிப்பது அரிது. நினைவுச் சின்னத்தின் பயன் இவ்வளவே, இவ்வளவும் சிறிதன்று.

தென்னிலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1980 களின் இறுதியிற் சிங்கள இளைஞர் பல்லாயிரவர் காணாமலாக்கப்பட்டனர். அவர்களின் நினைவாகச் சீதுவைக்கு அண்மையில் ரத்தொலுவையில் 2000 ஆம் ஆண்டு நினைவுச் சின்னமொன்று நிறுவப்பட்டது. காணாமற்போனோரின் முகங்கள் அதன் சுவரிற் பதிக்கப்பட்டன. ஒக்டோபர் 27 ஆந் திகதி தாய்மாரும் தந்தையரும் அங்கே கூடி வந்துள்ளனர். சிங்களத் தாய்க்கு மறதி மருந்தாகவில்லை. தமிழ்த் தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் அது எங்ஙனம் மருந்தாகும்?

கல்லா, சோறா?

அடுத்து எழும் வாதம் பொருளாதார முலாம் பூசியது. "விதவைக்கு வேண்டியது வாழ்வாதாரம், தூபியைக் கட்டி யாருக்கு என்ன பயன்?" என்று அது கேட்கின்றது. இரக்கம்போற் தோன்றும் இவ்வாதத்தின் உட்பொருள் யாது? ஏழைக்கு வயிறு மாத்திரமே உண்டு. மானமும் நினைவும் வசதி படைத்தோரின் உடைமை என்பதேயன்றோ?

இவ்வாதத்தின் போலித்தன்மையைக் கொக்கட்டிச்சோலை நன்கு காட்டுகின்றது. 1991 ஆம் ஆண்டுப் படுகொலையை விசாரிக்கச் சனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்கள் மோதலின் நடுவே அகப்பட்டு இறந்தனர் என்னும் கூற்றை அவ்வாணைக்குழு ஏற்கவில்லை. படையினர் வேண்டுமென்றே பழிதீர்த்தனர் என்றே கண்டது. இழப்பீடும் வழங்கப்பட்டது. ஆனால் இராணுவ நீதிமன்றத்தின் முன் நடந்தது யாது? கட்டளை அதிகாரி ஒருவர், தம் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டுப் பதவி இழந்தார். ஏனைய படையினர் விடுவிக்கப்பட்டனர். கொலைக்கென எவரும் தண்டிக்கப்படவில்லை. பணம் கிடைத்தது, வழக்கு முடியவில்லை. குற்றத்தை ஏற்காது கொடுக்கப்படும் பணம் இழப்பீடென்னும் பெயருக்குரியதன்று; அது வாயடைக்கக் கொடுக்கப்படும் விலையாகவே மக்கள் மனத்திற் பதிகின்றது.

அரசின் சட்டமே இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம், இறந்தோரை நினைவுகூரும் சின்னங்களையும் கூட்டு இழப்பீட்டின் ஒரு பகுதியாக ஏற்றுள்ளது. சோறு வேண்டும், கல்லும் வேண்டும். சோற்றைக் காட்டிக் கல்லை மறுப்போர், பெரும்பாலும் சோற்றையும் கொடுத்தவர்களாக இல்லை.

அரசின் நினைவும் அரசின் மறதியும்

சிக்கனம் பேசும் அரசு தனக்கு வேண்டியவிடத்துக் கல்லுக்குக் கணக்குப் பார்த்ததில்லை. 2007 யூலையில் குடும்பிமலையைக் கைப்பற்றியபோது அதனைத் தேசிய வெற்றிவிழாவாகக் கொண்டாடியது. போர் முடிந்தபின் புதுக்குடியிருப்பிலே நீரின் நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரனின் பேருருவை எழுப்பியது. வெற்றிச் சின்னம் நினைவூட்டுவது இறந்தோரையன்று. தோற்றோருக்கு அவர்களின் தோல்வியையே அது நாள்தோறும் நினைவூட்டுகின்றது.

அம்பாறை மாவட்டத்தின் அரந்தலாவையில் 1987 யூன் 2 ஆந் திகதி, பேருந்தொன்றிற் சென்ற முப்பதுக்கு மேற்பட்ட பௌத்த பிக்குகளை விடுதலைப் புலிகள் கொன்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இளந் துறவிகள். அங்கே அப்பேருந்தும் கொலைக்காட்சியைச் சித்திரிக்கும் உருவங்களும் நினைவிடமாகப் பேணப்படுகின்றன. இதனைப் பார்த்துப் பொறாமைப்படும் தமிழர் தம் அறவுணர்வைச் சோதித்துக்கொள்ளவேண்டும். அச்சிறுவர்களுக்கு நினைவிடம் உரித்தானது, அதில் ஐயமில்லை. கண்டனத்துக்குரியது யாதெனின், அரந்தலாவையைப் பேணும் அரசு வந்தாறுமூலைக்கும் மகிழடித்தீவுக்கும் அதேபோன்ற நினைவிடத்தைத் தன் கையாற் கட்டித் தரவில்லை என்பதே. தன் குடிமக்களின் பிணங்களை இரு வகையாகப் பிரித்த அரசு, உயிரோடிருக்கும் குடிமக்களை ஒன்றாயிருக்கச் சொல்வது நகைப்புக்கிடமானது.

தரவை, தாண்டியடி, கண்டலடி, மாவடிமுன்மாரி ஆகிய இடங்களிலிருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் கிழக்கைப் படையினர் கைப்பற்றிய பின்னர் தகர்க்கப்பட்டன. இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். கல்லறை வேறு, பொது நினைவுச் சின்னம் வேறு. கல்லறை இறந்தவனின் தாய்க்குரியது. அவள் மகன் எக்கொள்கைக்காக மாண்டான், எத்தவறு இழைத்தான் என்பதைப் பொறுத்து அவளது அழும் உரிமை கூடுவதோ குறைவதோ இல்லை. பிணத்தோடு பகை பாராட்டுவது எந்நாகரிகத்துக்கும் ஒவ்வாதது. ஆகவே கல்லறைகளை உழுதது இழிசெயல். ஆனால் பொது நினைவுச் சின்னம் ஊர் முழுவதையும் நோக்கிப் பேசுவது. அதில் எது பொறிக்கப்படவேண்டும் என்று கேட்க ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும், பக்கத்து ஊர் முஸ்லிமுக்கும் உரிமை உண்டு.

இனந்தெரியாதோர் என்னும் சொல்

அரசைக் கண்டிப்பது எளிது. தமிழ் வாசகர் அதனைத் தலையசைத்து வரவேற்பர். கடினமான பகுதி இனித்தான் வருகின்றது.

போர்க்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் "இனந்தெரியாதோர்" என்றொரு சொல்லைப் பெரிதும் கையாண்டன. கொன்றவன் யாரென ஊரே அறிந்திருந்தபோதும் அச்சொல் அச்சேறியது. அச்சம் அதற்குக் காரணம். அச்சப்பட்டோரைக் குறைகூறல் தகாது. ஆனால் அச்சம் நீங்கிய பின்னரும் அச்சொல்லின் இலக்கணம் நீங்கவில்லை. "காத்தான்குடியிலே கசப்பான சம்பவம் நிகழ்ந்தது" என்று எழுதுகின்றனர். நிகழ்ந்ததாம்! இடி விழுந்ததுபோல, வெள்ளம் வந்ததுபோல. இராணுவம் கொன்றவிடத்து வினைமுற்றுக்கு எழுவாய் உண்டு. தமிழர் இயக்கம் கொன்றவிடத்து எழுவாய் மறைந்துவிடுகின்றது. இலக்கணம் பயின்றோர் இவ்வேறுபாட்டைக் காணாதிருக்க முடியாது.

காத்தான்குடிப் படுகொலைக்கான பொறுப்பை விடுதலைப் புலிகள் மறுத்தனர். ஆனால் உயிர்தப்பியோர் அளித்த சாட்சியங்களும், யாழ் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தொகுத்த மனித உரிமை அறிக்கைகளும் அவர்களையே சுட்டி நின்றன. தொழுகையிலே நெற்றியை நிலத்திற் பதித்திருந்தோரைப் பின்புறமிருந்து சுட்டதை எந்த விடுதலைக் கோட்பாட்டினாலும் நியாயப்படுத்த இயலாது. சத்துருக்கொண்டானுக்கு நீதி கேட்கும் நா, காத்தான்குடி என்றதும் உலர்ந்துபோகுமானால், அது நீதி கேட்கவில்லை, பழியையே கேட்கின்றது.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கின் மேடைகளிலே பேசாத அரசியல்வாதி இல்லை. உவமை அழகானதே. ஆயினும், நீற்றுப்பெட்டியில் வேகாத பிட்டு எவருக்கும் உணவாகாது. ஆகஸ்ட் 3 ஆந் திகதி பள்ளிவாசற் சுவரின் முன் சென்று நிற்கும் தமிழ் அமைப்புகள் எத்தனை? செப்டெம்பர் 9 ஆந் திகதி சத்துருக்கொண்டான் தூபிக்குச் செல்லும் முஸ்லிம் அமைப்புகள் எத்தனை? 1990 இல் ஊர்காவற் படையில் இருந்தோர் தமிழ்க் கிராமங்களில் இழைத்த கொடுமைகளை முஸ்லிம் அறிஞர் எத்தனை பேர் பெயர் குறித்து எழுதியுள்ளனர்? இவ்வினாக்களுக்கான விடை இரு சமூகத்துக் கற்றோர்க்கும் பெருமை தருவதாக இல்லை.

ஒரு சிலரின் குற்றத்தை ஊர் முழுவதன்மீதும் சுமத்தும் வழக்கமும் இம்மௌனத்தின் பிள்ளையே. 2019 ஆம் ஆண்டுக் குண்டுத்தாக்குதலின் சூத்திரதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதனால் அவ்வூர் மக்கள் அனைவரும் ஐயத்துக்குள்ளாக்கப்பட்டனர். தமிழர் அனைவரும் புலிகள் என்று முன்னர் சொல்லப்பட்டபோது வெகுண்டவர்களுட் பலர், இம்முறை அதே குற்றச்சாட்டைத் தாமே உரைத்தனர். கொன்றவனின் பெயர் துலக்கமாகச் சொல்லப்படாதவிடத்தே பழி இனத்தின்மீது படர்கின்றது. பெயர் சொல்வது பகையை வளர்க்கும் என அஞ்சுவோர் இதனை ஊன்றி நோக்குவாராக.

அயலாரின் பிணத்தை ஏற்றுக்கொள்ளத் தயங்கியது வாவிக்கரை மாத்திரமன்று. அணுகுண்டுக்கு இரையான கிரோசிமா நகரின் சமாதானப் பூங்கா உலகறிந்தது. அக்குண்டு யப்பானியரை மாத்திரம் கொல்லவில்லை. யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்து அங்கு கொண்டுவரப்பட்ட கொரியர் பல்லாயிரவரும் மாண்டனர். அவர்களுக்கான நினைவுக்கல் 1970 ஆம் ஆண்டிற் பூங்காவுக்கு வெளியேதான் நாட்டப்பட்டது. பூங்காவின் உள்ளே அது கொணரப்பட்டது 1999 ஆம் ஆண்டிலாகும். தான் பட்ட துன்பத்தை உலகுக்கு உரைத்த நகரம், தன் நாட்டாற் துன்புற்றோரின் கல்லை உள்ளே கொணர இருபத்தொன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆயினும் கொணர்ந்தது.

வெருகலில் மாண்ட இளைஞரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களை அரசு நினைக்காது. தமிழ்த் தேசியம் பேசுவோர் நினைக்கக் கூசுகின்றனர். அவர்களை நினைவுகூர்வோர் அதனைத் தம் கட்சியின் முதலாக்கிக்கொள்கின்றனர். தமிழர் கையாற் தமிழர் மாண்ட கணக்கை எழுதாத வரலாறு, வரலாறென்னும் பெயருக்கு அருகதையற்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். "எல்லோரும் கொன்றனர் என்று சொல்வது அரசின் குற்றத்தை மறைப்பதாகாதா? படைபலமும் சட்டபலமும் கொண்ட அரசையும், அதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா?" என்பர். ஒரே தராசில் வைக்கவேண்டியதில்லை. குடிமக்களைக் காக்கும் கடமை பூண்ட அரசு கொல்வது தனிப்பெருங் குற்றமே. ஆனால் அரசின் குற்றம் பெரிது என்பதனால் பள்ளிவாசலில் மாண்ட சிறுவனின் சாவு சிறிதாகிவிடுமா? எல்லோரும் குற்றவாளிகள் என்று பொதுப்படக் கூறுவதே குற்றத்தை மறைக்கும். நாள், இடம், பெயர், செய்தவர் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பொறிப்பது எவரையும் தப்பவிடாது.

எத்தகைய சின்னம்?

பண்டைத் தமிழர் வீரனுக்கு நடுகல் எடுத்தனர். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வகுத்தது. சிலப்பதிகாரமோ ஒரு புரட்சியைச் செய்தது. வீரனுக்குரிய அப்படிகளையே வஞ்சிக்காண்டத்தின் காதைகளாக்கி, வாளேந்தாத ஒரு பெண்ணுக்கு, அநீதியிழைக்கப்பட்ட ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்ணுக்கு, இமயத்துக் கல்லை நாட்டியது. இலங்கைக் கயவாகு மன்னனும் அவ்விழாவில் நின்றதாக அக்காவியம் கூறுகின்றது. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகச் சிங்களரும் போற்றுகின்றனர். ஆகவே வீரமரணத்துக்கே கல் என்பது தமிழ்மரபு என்று வாதிடுவோர் தமிழ்மரபில் ஒரு பாதியையே அறிந்தவர்கள். வெறுங்கையோடு மாண்டவர்க்குக் கல் நாட்டுவதற்கு மட்டக்களப்பின் கண்ணகி மரபைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டியதில்லை.

அக்கல்லின் வடிவம் எளிதாயிருத்தல் வேண்டும். 2012 ஏப்பிரலில் மட்டக்களப்பு நகரிலே காந்தியடிகள், சுவாமி விபுலானந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை, பேடன் பவல் ஆகியோரின் சிலைகள் ஒரே இரவிற் சேதப்படுத்தப்பட்டன. பீடத்தின்மேல் ஏற்றி வைத்த உருவத்தை உடைப்பதற்கு ஓர் இருட்டு போதும். ஊர் மனத்திற் பதிந்த பெயர்ப்பட்டியலை உடைப்பது அத்துணை எளிதன்று. வாசிங்டன் நகரில் 1982 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் வீரனின் உருவமோ வெற்றி முழக்கமோ இல்லை. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பதவிநிலை குறிக்கப்படாது, இறந்த நாள் ஒழுங்கிற் பொறிக்கப்பட்டன. அவ்வடிவம் பின்பற்றத்தக்கது. அதன் குறையும் அறியத்தக்கது. அப்போரில் மாண்ட வியட்நாமியர் பல இலட்சவரில் எவருக்கும் அச்சுவரில் இடமில்லை. தன் பிணங்களை மாத்திரம் எண்ணும் நோய் வல்லரசுக்கும் உண்டு.

வாவிக்கரையில் எழவேண்டிய கல்லில் இறந்தவரின் பெயர், வயது, ஊர், நாள், கொன்ற தரப்பு ஆகியன தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்படவேண்டும். சிங்களத்திற் பொறிப்பது பணிவுக்காகவன்று. கொன்ற படையினனின் தாயும் வாசித்தறிய வேண்டும் என்பதற்காகவே. முஸ்லிம் ஊர்களின் பெயர்களும் தமிழ் ஊர்களின் பெயர்களும் நாள் ஒழுங்கிலே ஒரே கல்லில் அமையவேண்டும். அவ்வாறு அமையின், 1990 ஆகஸ்ட் மாதமும் செப்டெம்பர் மாதமும் அடுத்தடுத்து நிற்கும். ஓரூரின் பிணத்தைக் காட்டி அடுத்த ஊரிற் கொன்ற கொடுமையை எந்த விளக்கவுரையும் இன்றி அந்த ஒழுங்கே எடுத்துரைக்கும்.

இப்பணியைத் தொடங்கும் கடமை முதற்கண் பல்கலைக்கழகத்துக்கே உரியது. வந்தாறுமூலை வளாகத்தினுள்தான் அந்த 158 பேரும் தஞ்சமடைந்திருந்தனர். கல்விக்கூடம் என்பதனால் காப்பு உண்டென நம்பியே மக்கள் அங்கு வந்தனர். அந்நம்பிக்கை அங்கேயே முறிந்தது. அதே மண்ணில் இன்று விரிவுரைகள் நடைபெறுகின்றன; பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய நடுகற்களைப் பற்றித் தேர்வுக்கு விடையெழுதும் மாணவன், தான் நடக்கும் நிலத்திற் கொண்டுசெல்லப்பட்டோரின் ஒரு பெயரையேனும் அறியாது பட்டம் பெறுவானாயின், அக்கல்வியின் பயன் யாது? தமிழ், வரலாறு, சமூகவியல், அரபு, இஸ்லாமிய நாகரிகம் ஆகிய துறைகளின் மாணவர் ஒன்றிணைந்து இரு கரைகளின் ஊர்களுக்கும் சென்று, உயிரோடிருக்கும் சாட்சிகளிடம் பெயர்களைக் கேட்டெழுதலாம். அதற்கு அரசின் அனுமதிக் கடிதமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. தாளும் பேனையும், காத்தான்குடிக்குச் செல்லும் தமிழ் மாணவனுக்கும் மகிழடித்தீவுக்குச் செல்லும் முஸ்லிம் மாணவிக்கும் சிறிதளவு துணிவும் போதும். பேருந்தும் உண்டு. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் இரு கரைகளையும் இணைத்தும் இருக்கின்றது.

கல் நாட்டத் தடை வரலாம். நாட்டிய கல்லை உடைக்கவும் கூடும். 2021 ஜனவரி 8 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது, மாணவர் கிளர்ந்தெழுந்தனர், அதே ஆண்டு ஏப்பிரலில் அது மீண்டும் எழுந்து நின்றது. ஆகவே உடைப்பார் என்னும் அச்சம் எழுதாமைக்குக் காரணமாகாது. 1990 ஆம் ஆண்டிற் பிள்ளைகளை இழந்த பெற்றோர் முதுமையுற்று ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்களோடு பெயர்களும் மறைகின்றன. கல் பின்னர் வரட்டும். பெயர்களை இவ்வாண்டே எழுதத் தொடங்கவேண்டும்.